அகதி முகாமின் பெயரில் ஒரு ஜோர்டான் சாம்பியன்

2021 ஏப்ரலில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்துத் தொடரை இந்திய ரசிகர்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கவனித்தார்கள். எஃப்சி கோவா அந்தத் தொடரின் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்திய அணி. ஜோர்டானுக்கும் அதே ஆண்டு அப்படி ஒரு 'முதல்' கிடைத்தது. சவுதியின் அல்-நஸ்ர், கத்தாரின் அல்-சத், ஈரானின் ஃபூலாத் ஆகியவை இருந்த குரூப்பில் நான்காவது அணி அம்மானைச் சேர்ந்த அல்-வெஹ்தாத். அதற்கு முன் எந்த ஜோர்டான் கிளப்பும் அந்தச் சுற்றை எட்டியதில்லை.

வெஹ்தாத் என்பது அம்மானின் தென்கிழக்கில் இருக்கும் ஒரு பாலஸ்தீன அகதி முகாமின் பெயர். கிளப்புக்குப் பச்சை நிற ஜெர்சி, சின்னத்தில் ஜெருசலேமின் பாறைக் குவிமாடம். 'பச்சை ராட்சதன்' என்பது பட்டப்பெயர். மைதானத்தில் பல ஆண்டுகளாக எழும் கோஷம், 'அல்லாஹ், வெஹ்தாத், அல்-குத்ஸ் அரபிய்யா'. இறைவன், வெஹ்தாத், ஜெருசலேம் அரபு நகரம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இந்தக் கிளப்பைப் பற்றி எழுதும்போது 'நாடில்லாத மக்களின் தேசிய அணி' என்ற சட்டகத்துக்குள் அடைத்துவிடுவது வழக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1998-லேயே பாலஸ்தீனத்துக்கு ஃபிஃபாவில் முழு உறுப்புரிமை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து பாலஸ்தீனக் கொடியோடு ஓர் உண்மையான தேசிய அணி ஆசியா முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறது. வெஹ்தாத் வெறும் மாற்று ஏற்பாடாக இருந்திருந்தால், அதன் வேலை அப்போதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிளப்பின் மிகப் பெரிய வெற்றிகளும் மிகக் கசப்பான மோதல்களும் அதற்குப் பிறகுதான் வந்தன. அதனால் இதைப் பாலஸ்தீனத்தின் கதையாக மட்டும் படித்தால் விஷயம் பிடிபடாது. ஜோர்டானின் குடிமக்களில் யார் எந்த அளவுக்கு ஜோர்டானியர் என்ற, அந்த நாடு வாய்விட்டுப் பேசத் தயங்குகிற கேள்வியின் கதை இது.

120 ஏக்கரில் ஒரு ஊர்

1948-ல் இஸ்ரேல் உருவானபோது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்களுக்காக 1949 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு நிவாரண முகமையை ஏற்படுத்தியது. உன்ர்வா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அமைப்பு 1950 மே மாதம் வேலையைத் தொடங்கி, 1955-ல் அம்மானின் ஓரத்தில் 'அம்மான் புதிய முகாம்' என்ற ஒன்றை அமைத்தது. அந்த அலுவல் பெயர் கோப்புகளோடு சரி. வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பு அலகுகளை வைத்து, மக்கள் அதை வெஹ்தாத், அதாவது 'அலகுகள்', என்றே கூப்பிட்டார்கள். மொத்தப் பரப்பு அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை, சுமார் 120 ஏக்கர். இன்று அங்கே பதிவு பெற்ற அகதிகள் மட்டும் 50,000-க்கு மேல்.

'முகாம்' என்றதும் கூடாரங்களைக் கற்பனை செய்ய வேண்டாம். அம்மான் நகரம் வளர்ந்து வெஹ்தாத்தைச் சுற்றி வளைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காய்கறி, துணிமணி, பழைய சாமான் என்று எதையும் மலிவாக வாங்க நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் வெஹ்தாத் சந்தைக்கு ஆட்கள் வருகிறார்கள். பெட்ராவுக்கும் அகபாவுக்கும் தெற்கே போகிற பேருந்துகள் கிளம்பும் நிலையத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நகரத்தின் நடுவில், நகரம் ஆகிவிட்ட ஒரு முகாம்.

முகாம் வந்த மறு வருடமே, 1956-ல், கிளப்பும் வந்துவிட்டது. உன்ர்வா தன் முகாம்களில் பள்ளி, மருத்துவமனை, ரேஷன் ஆகியவற்றோடு இளைஞர் மையங்களையும் நடத்தியது. வேலையில்லாத பையன்களுக்குப் பொழுது போக வேண்டும், கை கால் சும்மா இருக்கக் கூடாது என்ற நிர்வாகக் கணக்குதான் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த மையங்களிலிருந்து முளைத்த கிளப்புகள் பாலஸ்தீன முகாம்கள் இருக்கும் இடமெல்லாம் உண்டு. ரமல்லாவை ஒட்டிய அம்அரி முகாமின் இளைஞர் மையம் 2012-ல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பிரெசிடென்ட்ஸ் கோப்பை இறுதி வரை போய், தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலிடம் 2-1 என்று தோற்றது. காசாவின் ரஃபா முகாமிலிருந்து வந்த கிளப்பின் பெயரே 'கதமாத் ரஃபா'. 'கதமாத்' என்றால் சேவைகள், அதாவது உன்ர்வாவின் சேவைகள். ஜோர்டானிலேயே 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் உருவான பக்ஆ முகாமுக்கும் சொந்தமாக ஒரு கிளப் இருக்கிறது. நிவாரண அமைப்பு ஒன்றின் சமூகநலத் திட்டம் தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புகளாக வளரும் என்று 1950-களில் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரி நிச்சயம் நினைத்திருக்க மாட்டார்.

குடிமகனும் அகதியும் ஒரே ஆள்

இங்கே ஜோர்டானின் தனித்தன்மையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. லெபனானிலும் சிரியாவிலும் பாலஸ்தீன அகதிகளுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஜோர்டானில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது. 1950-ல் மேற்குக் கரையைத் தன்னோடு இணைத்துக்கொண்ட ஜோர்டான், 1954 குடியுரிமைச் சட்டத்தின் வழியாக அங்கிருந்தவர்களையும் அகதிகளையும் தன் குடிமக்களாக ஏற்றது. (1967-ல் காசாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்றும் குடியுரிமை இல்லாமல்தான் இருக்கிறார்கள்.) ஆக, வெஹ்தாத் முகாமில் இருக்கும் ஒருவர் கையில் ஜோர்டான் பாஸ்போர்ட்டும் இருக்கும், உன்ர்வாவின் அகதி அட்டையும் இருக்கும். ஒன்று 'நீ இந்த ஊர்க்காரன்' என்கிறது. இன்னொன்று 'நீ திரும்பிப் போக வேண்டியவன்' என்கிறது.

ஜோர்டானில் உன்ர்வாவிடம் பதிவு செய்த அகதிகள் 20 லட்சத்துக்கு மேல். பாலஸ்தீன வம்சாவளியினர் மொத்த மக்கள்தொகையில் எவ்வளவு பேர் என்ற கணக்கை அரசு வெளியிடுவதில்லை. பாதி அல்லது அதற்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. ஜோர்டான் ஆற்றுக்குக் கிழக்கே தலைமுறைகளாக இருந்துவரும் குலங்களின் வழிவந்தவர்களைக் கிழக்குக் கரையினர் என்கிறார்கள். ராணுவம், போலீஸ், அரசு வேலை எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வசம். கடை, வங்கி, வியாபாரம் பெரும்பாலும் பாலஸ்தீன வம்சாவளியினர் வசம். இந்தப் பிரிவினை இத்தனை நேர்க்கோடாக எங்கும் இருக்காது, இடையில் எத்தனையோ கல்யாணங்களும் கூட்டு வியாபாரங்களும் நடக்கின்றன. இருந்தாலும் அரசியல் சூடாகும்போது கோடு எங்கே ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கோடு ரத்தத்தால் போடப்பட்டது 1970 செப்டம்பரில். 1967 தோல்விக்குப் பிறகு பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் ஜோர்டானில் தளம் அமைத்திருந்தன. வெஹ்தாத் முகாம் கிட்டத்தட்ட அவர்களுடைய தலைநகரம். 'பாலஸ்தீனக் குடியரசு' என்றே அதைச் சொன்னவர்களும் உண்டு. அரசுக்குள் இன்னொரு அரசு என்ற நிலை முற்றியபோது மன்னர் ஹுசைன் ராணுவத்தை இறக்கினார். வெஹ்தாத் பீரங்கிக் குண்டுகளால் கடுமையாகத் தாக்கப்பட்டது. 1971 ஜூலைக்குள் ஆயுதக் குழுக்கள் ஜோர்டானைவிட்டே துரத்தப்பட்டன. முகாம்களில் பேச்சு அடங்கியது. கட்சிகளோ 1957-லிருந்தே தடையில் இருந்தன. 1967-லிருந்து ராணுவச் சட்டம் வேறு. தேர்தல் கிடையாது, பொதுக்கூட்டம் கிடையாது.

பத்தாயிரம் பேர் சட்டப்படி ஒன்றாகக் கூடிச் சத்தம் போட மிச்சமிருந்த இடம் கால்பந்து மைதானம். 1970-களின் நடுவில் வெஹ்தாத் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தபோது, அதோடு முகாமும் மைதானத்துக்கு வந்தது. கூட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. மேடையில் ஒருவன் பேசினால் அவனைப் பிடித்துக்கொண்டு போகலாம், கேலரியில் எல்லோரும் சேர்ந்து கத்தினால் யாரைப் பிடிப்பது? அந்தக் கோஷத்தின் வாசகத்தையும் பாருங்கள். ஜெருசலேம் அரபு நகரம் என்பதை எந்த அரபு அரசாங்கமும் மறுக்க முடியாது. அதனால் அது குற்றமும் ஆகாது. ஆனால் 1970-க்குப் பிந்தைய அம்மானில், வெஹ்தாத் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து அதைக் கத்தும்போது கேட்பவர்களுக்கு என்ன விளங்கும் என்பது கத்துகிறவர்களுக்குத் தெரியும்.

1980-ல் வெஹ்தாத் முதல் முறையாக லீக் பட்டம் வென்றது. பீரங்கித் தாக்குதல் நடந்து பத்தே ஆண்டுகள். முகாமுக்கு அது விளையாட்டுச் செய்தி மட்டுமல்ல என்பதை விளக்கத் தேவையில்லை. குரலில்லாத காலத்தில் வெஹ்தாத்தான் தங்கள் குரலாக இருந்தது என்று பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரஃபாத் சொன்னதாக ஒரு வாசகம் ரசிகர்களிடம் இன்றும் உலவுகிறது.

அரசும் அந்தக் குரலைக் கேட்டது. 1986-ல் மன்னருக்கும் அரஃபாத்துக்கும் இடையே இருந்த உடன்பாடு முறிந்து, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அலுவலகங்கள் அம்மானில் மூடப்பட்டன. அதே ஆண்டு கிளப்பின் நிர்வாகத்திலும் அரசு கைவைத்தது. வெஹ்தாத் என்ற பெயர் எடுக்கப்பட்டு 'அல்-திஃப்பதைன்' என்று வைக்கப்பட்டது. ஆற்றின் இரு கரைகள் என்று பொருள், அதாவது இரண்டு கரையும் சேர்ந்த ஒரே ஜோர்டான். முகாமின் பெயரைக் கிளப்பிலிருந்து கழற்றிவிட்டால் அரசியலும் கழன்றுவிடும் என்று எண்ணியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 1988 ஜூலை 31 அன்று மன்னர் ஹுசைனே மேற்குக் கரையுடனான சட்ட, நிர்வாகத் தொடர்புகளைத் துண்டிப்பதாக அறிவித்தார். இரண்டு கரை என்ற கொள்கையே போன பிறகு அந்தப் பெயருக்கு என்ன வேலை? சில ஆண்டுகளிலேயே வெஹ்தாத் மறுபடி வெஹ்தாத் ஆனது.

எதிர் கேலரி

வெஹ்தாத்தைத் தனியாக வைத்துப் புரிந்துகொள்ள முடியாது, ஃபைசலி வேண்டும். 1932-ல் தொடங்கப்பட்ட அல்-ஃபைசலி ஜோர்டானின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்று. 30-க்கும் மேற்பட்ட லீக் பட்டங்களோடு முதலிடத்தில் நிற்பது. பல்கா பகுதியின் செல்வாக்குள்ள அத்வான் குலத்தவர் நீண்ட காலம் அதன் தலைமையில் இருந்தார்கள். ரசிகர்களில் பெரும்பாலோர் கிழக்குக் கரையினர். வெஹ்தாத்தும் ஃபைசலியும் மோதும் நாளில் அம்மானில் சாதாரண வேலை எதுவும் சரியாக நடக்காது.

பல நகரங்களில் டெர்பிகள் எனப்படும் உள்ளூர் அணிகளின் மோதல்கள் வர்க்கத்தின் பெயராலோ மதத்தின் பெயராலோ நடப்பது தெரிந்ததுதான். இங்கே கேலரிகள் மோதிக்கொள்வது பூர்வீகத்தின் பெயரால். ஃபைசலி பக்கத்திலிருந்து வரும் கோஷங்களின் அடியில் ஒரு பயம் உண்டு. இஸ்ரேலிய வலதுசாரிகள் சிலர் அவ்வப்போது சொல்லும் 'ஜோர்டான்தான் பாலஸ்தீனம்' என்ற வாதம் ஒருநாள் நிஜமாகிவிடுமோ, தங்கள் நாடு இன்னொரு மக்களுக்கு 'மாற்றுத் தாயகம்' ஆகிவிடுமோ என்ற பயம். வெஹ்தாத் பக்கம் வேறொரு பயம் இருக்கிறது. கையில் இருக்கும் குடியுரிமை என்றைக்கு வேண்டுமானாலும் பறிபோகலாம் என்பது அது. வெறும் கற்பனையும் இல்லை. 2004-க்கும் 2008-க்கும் இடையில் 2,700-க்கும் மேற்பட்ட பாலஸ்தீன வம்சாவளி ஜோர்டானியரிடமிருந்து குடியுரிமை திரும்பப் பெறப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது. அதிகாரிகள் காரணம் காட்டியது 1988-ன் அந்த அறிவிப்பை.

இந்த இரண்டு பயங்களும் 2009 ஜூலையில், அம்மானை அடுத்த ஜர்கா நகரில் நடந்த வெஹ்தாத்-ஃபைசலி ஆட்டத்தில் நேருக்கு நேர் வந்தன. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லா தன் மூத்த மகன் ஹுசைனைப் பட்டத்து இளவரசராக அறிவித்திருந்தார். இளவரசரின் தாய் ராணி ரானியாவின் குடும்பம் மேற்குக் கரையின் துல்கரமைச் சேர்ந்தது. ஃபைசலி ரசிகர்களில் ஒரு பகுதியினர், ராணியை விவாகரத்து செய்துவிடும்படி மன்னரைக் கேட்டுக் கோஷம் போட்டார்கள். பாட்டில்கள் பறந்தன, ஆட்டம் பாதியில் நின்றது. அம்மானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் இதைப் பற்றி வாஷிங்டனுக்கு ஒரு தந்தியே அனுப்பியது. கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பற்றித் தூதரகம் ராஜதந்திரக் குறிப்பு எழுதுகிறது என்றால் அந்த ஆட்டத்தில் எத்தனை கோல் என்பது யாருக்கு வேண்டும்? அரச குடும்பத்தை விமர்சிப்பது குற்றமாக இருக்கும் நாட்டில், அரசுக்கு மிக விசுவாசமானவர்கள் என்று கருதப்பட்ட தரப்பே அதைச் செய்தது. கேலரியின் சுதந்திரம் வெஹ்தாத்துக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல என்பது அன்று தெரிந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் மோசம். 2010 டிசம்பர் 10, அம்மானின் குவைஸ்மே பகுதியில் இருக்கும் மன்னர் இரண்டாம் அப்துல்லா மைதானம். வெஹ்தாத் 1-0 என்று ஃபைசலியை வென்றது. ஆட்டம் முடிந்ததும் கல்வீச்சு, தடியடி, நெரிசல். வேலி சரிந்து விழுந்தது. சுமார் 250 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் வெஹ்தாத் ரசிகர்கள். வேலியில் ஏறியதால் அது சரிந்தது என்றது போலீஸ் தரப்பு. வெளியேற வழியில்லாமல் நின்ற கூட்டத்தைச் சிறப்புக் காவல் படையினர் அடித்தார்கள் என்றது கிளப் தரப்பு. அந்தப் படையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையினர் என்பதால், தடியடி வெறும் தடியடியாகப் பார்க்கப்படவில்லை. விக்கிலீக்ஸ் வெளியிட்ட தூதரக ஆவணங்களின் வரிசையில் முந்தைய ஆண்டின் அந்தத் தந்தியும் அதே டிசம்பரில் வெளியே வந்தது. ஒரு வாரம் கழித்து துனிசியாவில் ஒரு தெருவோர வியாபாரி தீக்குளிக்க, அரபு நாடுகளின் வரலாறே வேறு திசையில் திரும்பியது. உலகப் பத்திரிகைகளுக்குக் குவைஸ்மே மறந்துபோனது. அம்மானில் யாரும் மறக்கவில்லை.

வாக்குப் பெட்டி இருக்கும் இடம்

இத்தனைக்கும் 1992-ல் கட்சிகள் மீதான தடை விலகிவிட்டது. 1989-லிருந்து தேர்தல்கள் நடக்கின்றன. 1994-லிருந்து பாலஸ்தீன ஆணையம் என்று ஒன்றும் இருக்கிறது. பேச இத்தனை இடங்கள் இருக்கும்போது மைதானம் ஏன் இன்னும் அமைதியாகவில்லை என்று கேட்கலாம்.

ஒரு பதில் தேர்தல் சட்டத்தில் இருக்கிறது. 1993-ல் கொண்டுவரப்பட்ட முறையும் தொகுதிப் பங்கீடும், பாலஸ்தீன வம்சாவளியினர் நெருக்கமாக வாழும் அம்மானுக்கும் ஜர்காவுக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களைத் தரவில்லை. குறைந்த ஆட்கள் உள்ள கிராமப்புற மாவட்டங்களுக்கு ஒப்பீட்டில் அதிக இடங்கள். முகாமுக்குள்ளோ தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி என்று எதுவும் கிடையாது. அரசின் பாலஸ்தீன விவகாரத் துறை நியமிக்கும் சேவைக் குழுதான். இந்தச் சூழலில் கிளப்பின் நிர்வாகக் குழுவுக்கு உறுப்பினர்கள் வாக்களித்து நடக்கும் தேர்தலுக்கு வரும் மவுசைக் கற்பனை செய்துகொள்ளலாம். அணிகள், வாக்குறுதிகள், பிரசாரம், முடிவு நாளின் பதற்றம், எல்லாம் உண்டு. தொழிலதிபர் தாரிக் கூரி வெஹ்தாத்தின் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கிறிஸ்தவர். முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு முகாமின் கிளப்புக்கு அவர் தலைவரானதில் யாருக்கும் உறுத்தல் இல்லை, ஏனென்றால் அங்கே கணக்கில் வருவது மதம் அல்ல.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளப்பின் பெயர் தேர்தலில் நிற்பவர்களுக்கு நல்ல முதலீடு. முகாமின் உணர்ச்சியை வைத்து ஏணி ஏறியவர்கள் முகாமின் சாக்கடைக்கும் வேலையின்மைக்கும் என்ன செய்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. மைதானத்தில் கத்திவிட்டு வீட்டுக்குப் போவது அரசுக்குமே வசதிதான் என்ற வாதமும் இருக்கிறது. என் கணிப்பில் அந்த வாதம் பாதிதான் சரி. வெறும் வடிகாலாக இருந்திருந்தால் 1986-ல் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வந்திருக்காது.

வெஹ்தாத்தையும் சிலியின் பாலஸ்தீனோ கிளப்பையும் ஒரே கூடையில் போடும் பழக்கம் ஒன்று உண்டு. இரண்டும் வேறு வகை. 1920-ல் தொடங்கப்பட்ட பாலஸ்தீனோ, ஓட்டோமான் ஆட்சியின் கடைசிக் காலத்திலிருந்து பெத்லகேம், பெய்த் ஜாலா பக்கமிருந்து பிழைப்புத் தேடிப் போன குடியேறிகளின் கிளப். 1948-க்கு 28 ஆண்டுகள் முந்தியது. 2014-ல் ஜெர்சியில் '1' என்ற எண்ணைப் பழைய பாலஸ்தீன வரைபட வடிவில் போட்டுச் சர்ச்சையில் சிக்கி அபராதம் கட்டியது. அதற்காக அங்கே யாரும் பாலஸ்தீனோ ரசிகர்களைப் பார்த்து 'நீ சிலி நாட்டவனா?' என்று கேட்பதில்லை. தூரத்திலிருந்து தாய்நாட்டின் மீது அன்பு காட்ட இடம் இருக்கிறது. ஜோர்டான் ஆற்றின் மறுகரையில், கார் எடுத்தால் எட்டிவிடும் தூரத்தில் இருந்துகொண்டு அதே அன்பைக் காட்டுவது இன்னொரு விஷயம்.

ஆட்டம் எப்படி?

அரசியலையே பேசிக்கொண்டிருந்தால் வெஹ்தாத் நன்றாக ஆடும் அணி என்பதே மறந்துபோகும். 1994 முதல் 1997 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள். 2008-09 பருவத்தில் உள்நாட்டின் நான்கு கோப்பைகளையும் ஒருசேர வென்று, 2010-11-ல் அதையே திரும்பவும் செய்தது. ஆசியக் கூட்டமைப்பின் இரண்டாம் நிலைத் தொடரான ஏஎஃப்சி கோப்பையில் 2006, 2007, 2011 என்று மூன்று முறை அரையிறுதி வரை போய் நின்றுவிட்டது. அதே கோப்பையை ஃபைசலி 2005-லும் 2006-லும் தூக்கியது வெஹ்தாத் ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத எரிச்சல்.

ரஃபத் அலி, மஹ்மூத் ஷெல்பாயே போன்றவர்கள் இங்கே ஆடி ஜோர்டான் தேசிய அணிக்கும் ஆடினார்கள். கோல்கீப்பர் ஆமிர் ஷஃபியை இந்திய ரசிகர்களுக்கு நினைவிருக்கலாம். 2018 நவம்பரில் அம்மானில் நடந்த நட்பு ஆட்டத்தில் தன் பெனால்டி பகுதியிலிருந்து அவர் ஓங்கி உதைத்த பந்து குத்துப்பட்டு எழும்பி, இந்திய கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவின் தலைக்கு மேல் போய் வலைக்குள் விழுந்தது. இந்தியா 2-1 என்று தோற்றது. பல ஆண்டுகள் வெஹ்தாத்தின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் அவர். மேற்குக் கரையின் கல்கிலியாவிலிருந்து வந்த ஃபஹத் அத்தால், காசாவின் அப்துல்லத்தீஃப் பஹ்தாரி போன்ற பாலஸ்தீன தேசிய அணி வீரர்களும் வெஹ்தாத்துக்கு ஆடியிருக்கிறார்கள். கிழக்குக் கரைப் பையன்கள் பச்சை ஜெர்சி போடுவதும், பாலஸ்தீன வம்சாவளிப் பையன்கள் ஃபைசலிக்கு ஆடுவதும் சகஜம். வீரர்களுக்கு ஒப்பந்தம், சம்பளம், அடுத்த பருவம் என்று வேறு கவலைகள்.

தேசிய அணி ஆடும்போது கணக்கு இன்னும் சிக்கலாகிறது. 2015 ஆசியக் கோப்பையில் மெல்போர்னில் ஜோர்டான் பாலஸ்தீனத்தை 5-1 என்று வீழ்த்தியது. ஹம்ஸா அல்-தர்தூர் மட்டும் நான்கு கோல். அன்று வெஹ்தாத் முகாமில் யாருக்குக் கைதட்டியிருப்பார்கள் என்று கேட்டால், 'இரண்டு பேருக்கும்' என்ற பதில்தான் அனேகமாக உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

2026 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்தில் ஜோர்டானும் பாலஸ்தீனமும் ஒரே குரூப்பில் விழுந்தன. தென் கொரியா, ஈராக், ஓமான், குவைத் மற்ற நால்வர். போரால் சொந்த மண்ணில் ஆட முடியாத பாலஸ்தீன அணி தன் 'உள்ளூர்' ஆட்டங்களைக் கோலாலம்பூர், தோஹா என்று அலைந்து ஆடிவிட்டு அம்மானுக்கு வந்தது. 2025 மார்ச் 20-ல் ஜோர்டான் அம்மானில் பாலஸ்தீனத்தை 3-1 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து அதே ஊரில், கடைசி நிமிடங்களில் அடித்த கோல்களால் பாலஸ்தீனம் ஈராக்கை 2-1 என்று வீழ்த்தியது. அந்த வெற்றியால் அதிகம் லாபமடைந்த நாடு, ஈராக்கோடு போட்டியிலிருந்த ஜோர்டான்.

ஜூன் 5-ல் ஜோர்டான் மஸ்கட்டில் ஓமானை 3-0 என்று வென்று முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அம்மானே தெருவுக்கு வந்தது, வெஹ்தாத்தின் பச்சையும் ஃபைசலியின் நீலமும் பார்க்காமல். ஜூன் 10-ல் அதே அம்மானில் பாலஸ்தீனம் அதே ஓமானோடு ஆடியது. வென்றால் அடுத்த கட்டம். 90 நிமிடங்களுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட நேரத்தின் ஏழாவது நிமிடம் வரை 1-0 என்று முன்னிலையில் இருந்த அணிக்கு எதிராக ஓமானுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஆட்டம் 1-1, பாலஸ்தீனத்தின் உலகக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது.